மின்கிட்டாரின் குரல் மாற்றம்: பிக்கப், வயரிங் வரலாறும் தமிழ்நாட்டு அனுபவமும்

மின்கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். விலை குறைந்த மின்கிட்டார் ஒன்றை வாங்கி, அதன் பிக்கப்பையும் உள் வயரிங்கையும் மாற்றி, நல்ல ஒலி தரும் கருவியாக ஆக்கிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இது மின்கிட்டாரின் பிறப்போடு சேர்ந்தே வந்த பழக்கம். வானொலி பழுதுபார்த்தவர்களும் கடைசல் பட்டறைக்காரர்களும் பள்ளி மாணவர்களும் தங்கள் கையால் செய்த மாற்றங்களே பின்னர் தொழிற்சாலைகளின் வழக்கமாயின.

சேலம், நாமக்கல் சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாக வரும் லாரி, நாமக்கல் பட்டறைகளில்தான் கேபினும் பாடியும் பெற்று, சுமக்கப்போகும் சரக்குக்கு ஏற்ற வண்டியாகிறது. மின்கிட்டாரும் ஏறத்தாழ அப்படிப்பட்ட கருவிதான். கடையிலிருந்து வரும்போது அது முடிந்த பொருளாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை அந்த மாற்றத்தின் வரலாற்றையும், அதற்குத் தமிழ்நாட்டின் இசையுலகில் கிடைத்த மிகச் சிறந்த சான்றையும், இன்று அதைச் செய்ய விரும்பும் மாணவர் அறிய வேண்டியவற்றையும் கூறுகிறது.

பிக்கப் இயங்கும் விதம்

பிக்கப்பில் இரண்டே பொருள்கள் முக்கியமானவை: காந்தமும் அதைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும். மேலே உள்ள எஃகுக் கம்பி காந்தப்புலத்தால் தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது; அதனால் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியே இங்கும் வேலை செய்கிறது. தோன்றிய மின்னலை வால்யூம், டோன் கட்டுப்பாடுகள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குச் சென்று பெரிதாக்கப்படுகிறது.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டக் கொண்டுபோகும் கடை இப்பகுதியின் ஊர்களில் பரவலாக உண்டு. அங்கே மோட்டாரில் சுற்றப்படுவதும் எனாமல் பூசிய செப்புக்கம்பிதான். விதி ஒன்று, அளவு வேறு. கிட்டார் பிக்கப்பில் பெரும்பாலும் பயன்படும் 42ஆம் கேஜ் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி அளவே இருக்கும். ஸ்ட்ராடோகாஸ்டர் வகைப் பிக்கப் ஒன்றில் அது ஏழாயிரத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் இடைப்பட்ட சுற்றுகள் சுற்றப்படுகிறது. அவிழ்த்து நீட்டினால் அந்தக் கம்பி ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம் வரும்.

சுற்றுகள் கூடினால் ஒலியின் வலிமை கூடும். ஆனால் உச்ச அதிர்வெண்கள் மங்கும். காந்தத்தின் வகையும் ஒலியை மாற்றும். அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த அல்னிக்கோ காந்தம் ஒரு வகை. ஃபெரைட் எனப்படும் செராமிக் காந்தம் மற்றொரு வகை. அல்னிக்கோவின் முன்னோடியான உலோகக் கலவையை 1931இல் ஜப்பானிய உலோகவியலாளர் தொகுஷிச்சி மிஷிமா உருவாக்கினார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் மின்கிட்டாரும் உருப்பெற்றது.

பட்டறையில் பிறந்த கருவி

1920களில் நடன அரங்குகளில் டிரம்பெட், சாக்ஸபோன் போன்ற ஊதுகருவிகளுக்கு நடுவே கிட்டாரின் ஒலி கேட்கவில்லை. அந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடிய ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோரின் முயற்சியில் 1931இல் உருவாகி 1932இல் விற்பனைக்கு வந்ததே மின்காந்தப் பிக்கப் கொண்ட முதல் வணிகக் கிட்டார். அலுமினியத்தில் வார்க்கப்பட்ட அதன் வட்ட உடலும் நீண்ட கழுத்தும் தோசைக்கல்லைப் போலிருந்ததால் ‘ஃபிரையிங் பேன்’ என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. இதற்கான காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது.

கிப்சன் நிறுவனத்தின் இஎஸ்-150 கிட்டார் 1936இல் வந்தது. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதை வாசித்து, பின்னணியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கிட்டாரைத் தனி வாசிப்புக்கு உரிய கருவியாக முன்னுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த பெரிய மாற்றம் ஒரு வானொலிப் பழுதுபார்ப்புக் கடையிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938இல் வானொலிக் கடை தொடங்கிய லியோ ஃபெண்டர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். பழுதுபார்ப்பவரின் கண்ணோடு அவர் கிட்டாரைப் பார்த்தார். 1950–51இல் அவர் வெளியிட்ட, பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரில், கழுத்து ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. கழுத்து தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். பிக்கப் கெட்டால் அதை மட்டும் எடுத்து மாற்றலாம். 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளும் எல்லா வயரிங்கும் ஒரே முகப்புத் தகட்டில் அமைந்தன. தகட்டைத் தூக்கினால் கருவியின் முழு மின்சுற்றும் கைக்கு வந்துவிடும். இன்று உலகெங்கும் மாணவர்கள் தாமே பிக்கப் மாற்ற முடிவதற்கு அந்த அமைப்பே காரணம்.

இரைச்சலும் இரட்டைச் சுருளும்

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு குறை உண்டு. அது கம்பியின் அதிர்வை மட்டும் பிடிப்பதில்லை. அருகிலுள்ள மின்மாற்றி, டியூப்லைட் ஆகியவற்றிலிருந்து வரும் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். இந்தியாவின் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 50, 100 ஹெர்ட்ஸ் அளவில் ‘ஙொய்’ என்ற முனகலாக அது கேட்கும்.

கிப்சன் நிறுவனப் பொறியாளர் செத் லவர் 1955இல் இதற்குத் தீர்வு கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களை எதிரெதிர்க் காந்த முனைகளோடும் எதிரெதிர் மின்திசையோடும் அருகருகே வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். இரைச்சலை எதிர்ப்பது என்ற பொருளில் இதற்கு ஹம்பக்கர் என்று பெயர் வந்தது. 1957 முதல் கிப்சன் கிட்டார்களில் இது பொருத்தப்பட்டது. காப்புரிமை 1959இல் கிடைத்த பின்னும் சில ஆண்டுகள்வரை, ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்ற சிறு ஒட்டுச்சீட்டு அதன் அடியில் இருந்தது. அந்தச் சீட்டுடைய பிக்கப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர்.

விலை குறைவு என்பதும் தரக்குறைவு என்பதும் ஒன்றல்ல என்பதற்கும் அந்தக் காலமே சான்று. நேதன் டேனியல் நடத்திய டேன்எலக்ட்ரோ நிறுவனம் அழுத்திய மரத்தூள் அட்டையில் உடல் செய்தது. பிக்கப்பின் உறையாக உதட்டுச்சாயக் குழலைப் பயன்படுத்தியது. சாதாரண மக்களுக்காகப் பல்பொருள் அங்காடிகள் வழியே விற்கப்பட்ட அந்தக் கிட்டார்களின் ஒலி தனித்தன்மை கொண்டிருந்தது. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் போன்ற புகழ்பெற்றவர்களும் பின்னர் அவற்றை மேடையில் வாசித்தனர்.

வாசிப்பவர்களே மாற்றியவை

தொழிற்சாலைகளுக்கு வழிகாட்டியவர்கள் பலமுறை வாசிப்பவர்களே. ஸ்ட்ராடோகாஸ்டரில் முதலில் மூன்று நிலைச் சுவிட்ச் மட்டுமே இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பிக்கப்தான் ஒலிக்கும். சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு இடையே நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து புதிய ஒலி தருவதைக் கலைஞர்கள் கண்டுபிடித்தனர். ஃபெண்டர் நிறுவனம் 1977இல்தான் ஐந்து நிலைச் சுவிட்சைத் தன் கிட்டாரில் பொருத்தியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசிப்பவர்கள் கையால் செய்துவந்ததை நிறுவனம் பின்னர் ஏற்றுக்கொண்டது.

இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பள்ளி மாணவருக்கு ஃபெண்டர் கிட்டார் வாங்க வசதியில்லை. மின்னணுவியல் அறிந்த தந்தையோடு சேர்ந்து 1963இல் தாமே ஒரு கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், அதிர்வுப் பாலத்துக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங் என்று கிடைத்தவற்றைக் கொண்டே வேலை நடந்தது. முதலில் பிக்கப்பையும் தாமே சுற்றினார். அதன் ஒலி முழுநிறைவு தராததால் பர்ன்ஸ் நிறுவனப் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கு சுவிட்சும், மின்திசையைப் புரட்டும் சுவிட்சும் வைத்தார். ‘ரெட் ஸ்பெஷல்’ எனப்படும் அந்தக் கிட்டாரைத்தான் குயீன் குழுவில் அவர் வாழ்நாள் முழுவதும் வாசித்துவருகிறார்.

அமெரிக்காவில் எட்டி வான் ஹேலன், குறையுள்ளதென்று ஒதுக்கப்பட்ட கிட்டார் உடல் ஒன்றை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கினார். பழைய கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றிய ஹம்பக்கரை அதில் பொருத்தினார். அதிக ஒலியில் பிக்கப் கீச்சிடாமல் இருக்க அதை உருகிய மெழுகில் தோய்த்தெடுத்தார். டோன் கட்டுப்பாட்டை நீக்கி, ஒரே ஒரு வால்யூம் குமிழோடு வயரிங்கை முடித்தார். 1978இல் வெளிவந்த அவரது குழுவின் முதல் ஆல்பத்தில் ஒலித்தது அந்தக் கிட்டாரே.

இத்தகைய தேவையிலிருந்து ஒரு தொழிலே தோன்றியது. லாரி டிமார்சியோ 1972இல் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற மாற்றுப் பிக்கப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1976இல் சீமோர் டங்கன் நிறுவனம் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. புதிய கிட்டார் வாங்காமலே புதிய ஒலியை வாங்கலாம் என்ற நிலை அதன்பின் எல்லாருக்கும் வாய்த்தது.

தமிழ்நாட்டில் மின்சாரமும் மின்னிசையும்

சேலம் பகுதியில் மின்சாரமும் ஒலிப்பெருக்கமும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் வந்தன. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதன் நீர்மின் நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்து, தமிழ் சினிமாவின் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றாக விளங்கியது. 1950இல் அது வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ படத்துக்கு ஜி. ராமநாதன் இசையமைத்தார்.

மின்கிட்டார் தமிழர் காதுக்குப் பழகியது பெரும்பாலும் திரையிசையின் வழியாகவே. தாமே கிட்டார் பயின்ற இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் அறிமுகமான பிறகு, கிட்டாரும் பேஸ் கிட்டாரும் திரையிசையில் தனி இடம் பெற்றன. அந்தப் பாடல்களைக் கோயில் திருவிழா மேடைகளில் வாசித்த மெல்லிசைக் குழுக்களுக்கும் மின்கிட்டார் இன்றியமையாததாயிற்று. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முதல் சிற்றூர்ப் பண்டிகைகள் வரை, கச்சேரி என்றால் கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் என்ற நிலை வந்தது.

ஆனால் கருவி கிடைப்பது எளிதாக இல்லை. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் வெளிநாட்டுக் கிட்டாரைச் சாதாரணக் கலைஞரின் கைக்கு எட்டாததாக்கின. கல்கத்தாவில் செய்யப்பட்ட கிவ்சன், கிப்டோன் போன்ற கிட்டார்களே பலருக்கு முதல் கருவி. இருப்பதைச் சரிசெய்து, திருத்தி, நெடுநாள் வைத்திருப்பதே அன்றைய வழி.

ஸ்ரீனிவாஸின் மாண்டலின்: ஒரு மாற்றம் மரபான கதை

வெளியிலிருந்து வந்த ஒரு கருவியைப் பிக்கப்போடு மாற்றியமைத்துத் தமிழ்நாட்டு இசைமேடையில் நிலைநாட்டியவர்களுள் தலைசிறந்தவர் உ. ஸ்ரீனிவாஸ். 1969 பிப்ரவரி 28இல் ஆந்திரப் பிரதேசத்தின் பாலகொல்லுவில் பிறந்தார். தந்தை சத்யநாராயணா இசைக்கலைஞர். வீட்டில் இருந்த மாண்டலினை ஆறு வயதளவில் ஸ்ரீனிவாஸ் கையில் எடுத்தார். செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவரான ருத்ரராஜு சுப்பராஜு அவருக்கு ஆசிரியரானார். ஆசிரியருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், மாணவர் அதைக் கருவியில் தேடிக் கண்டுபிடிப்பார். கருவியின் பழைய பழக்கங்கள் எதற்கும் கட்டுப்படாமல், பாட்டையே அளவுகோலாகக் கொண்டு ஸ்ரீனிவாஸ் வளர்ந்ததற்கு இந்தப் பயிற்சி காரணமாயிற்று.

மாண்டலினில் கர்நாடக இசை வாசிப்பதில் மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, மரபான மாண்டலினில் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக இருக்கும். இணைக் கம்பிகளை ஒன்றாக இழுத்துக் கமகம் கொடுத்தால் இரண்டும் ஒரே சுருதியில் நிற்பது கடினம். இரண்டாவது, மாண்டலினின் ஒலி மீட்டிய உடனே மங்கிவிடும். நீண்டு நின்று அசையும் தோடியின் காந்தாரத்துக்கு அது போதாது. மூன்றாவது, கீழ்ஸ்தாயியில் இறங்கிப் பாட அதற்கு இடம் குறைவு.

ஸ்ரீனிவாஸ் மூன்றுக்கும் விடை கண்டார். இணைகளை நீக்கி ஒற்றைக் கம்பிகளாக்கினார். இழுப்பும் சறுக்கலும் தெளிவாயின. கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பி சேர்த்தார். திண்ம உடலும் பிக்கப்பும் கொண்ட மின் மாண்டலினை ஏற்றுக்கொண்டார். உள்ளீடற்ற உடலில் கம்பியின் ஆற்றல் விரைவில் காற்றுக்குப் போய்விடும். திண்ம உடலில் அது கம்பியிலேயே நெடுநேரம் தங்கும். பிக்கப் அந்த நீண்ட அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். இங்கே மின்சாரம் பயன்பட்டது வெறும் சத்தத்துக்காக அன்று, கமகத்துக்காக.

1978இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜர் விழாவில் அவரது அரங்கேற்றம் நிகழ்ந்தது. 1981 டிசம்பர் இசைவிழாவில் சென்னையில் வாசித்தபோது அவருக்கு வயது 12. மேற்கத்திய மின்கருவிக்குச் சபாவில் இடமுண்டா என்ற ஐயம் எழாமல் இல்லை. வாசிப்பே அதற்கு விடையளித்தது. 1995இல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் புரூக்குடன் ‘ட்ரீம்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கம்பியின் ஒலி மங்காமல் நிற்கும்படி ‘இன்ஃபினிட் கிட்டார்’ என்ற மாற்றுக் கிட்டாரை அமைத்தவர் புரூக். ஒலியை நீட்டிக்க வழி தேடிய இரு நாட்டு இசைஞர்கள் ஒரே பதிவில் சந்தித்தனர். 1998இல் ஸ்ரீனிவாஸ் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2014 செப்டம்பர் 19இல் சென்னையில் காலமானார்.

இதற்கு முன்னோடி உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். பிடிக்கும் முறையும் சுருதி சேர்க்கும் முறையும் மாறி, வயலின் நம் கருவியாயிற்று. மின்கிட்டாரிலும் அதே பாதை தொடர்ந்தது; ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா மின்கிட்டாரில் கர்நாடகக் கீர்த்தனைகளை வாசித்துப் பல நாடுகளில் அறியப்பட்டார். கருவி எங்கிருந்து வந்தது, என்ன விலை என்பதைவிட, தன் இசைக்குத் தேவையானது எது என்று வாசிப்பவர் அறிந்திருந்ததே இவர்கள் எல்லாருக்கும் பொது.

விலை குறைந்த கிட்டாரில் குறைக்கப்படுவது எது

இன்று கடைகளில் கிடைக்கும் தொடக்கநிலை மின்கிட்டார்கள் பெரும்பாலும் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்யப்படுபவை. கணினி வழி இயங்கும் வெட்டுப்பொறிகள் வந்தபின், உடலும் கழுத்தும் முன்னைவிடத் துல்லியமாக அமைகின்றன. செலவு குறைக்கப்படுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான்: செராமிக் காந்தம் ஒட்டிய மலிவான பிக்கப், சிறிய வால்யூம் கட்டுப்பாடுகள், தளர்ந்த ஜாக், மெல்லிய ஒயர், இரைச்சல் தடுப்பு இல்லாத குழி. இவை எல்லாம் மாற்றக்கூடியவை என்பதே நல்ல செய்தி.

செராமிக் காந்தம் என்பதாலேயே பிக்கப் மோசம் என்று முடிவு செய்யக் கூடாது. டிமார்சியோவின் புகழ்பெற்ற சூப்பர் டிஸ்டார்ஷனிலும் இருப்பது செராமிக் காந்தமே. சுற்றப்பட்ட விதமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் காந்தமும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

மாற்றத்தின் வரிசை

பிக்கப்பை முதலில் மாற்றுவது பலர் செய்யும் தவறு. புதிய கம்பி, கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு, தலைப்பகுதி நட்டின் வெட்டு ஆகியவை சரியாக இல்லாத கிட்டாரில் எந்தப் பிக்கப்பும் பயன் தராது. சுருதி நில்லாத கருவியில் விலையுயர்ந்த பிக்கப் பொருத்தினால், அபசுரம்தான் தெளிவாகக் கேட்கும்.

அடுத்து, செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் மாற்றிப் பார்க்க வேண்டும். கம்பிக்கு மிக அருகில் இருந்தால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் குலைக்கும். மிகத் தள்ளியிருந்தால் ஒலி மெலியும். பலரது அதிருப்தி இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

மூன்றாவது வயரிங். ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் கட்டுப்பாடுகள் வழக்கமானவை. மதிப்பு கூடினால் ஒலி பளிச்சென்றும், குறைந்தால் மென்மையாகவும் இருக்கும். டோன் கட்டுப்பாட்டின் கெப்பாசிட்டர் பொதுவாக 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட். இங்கே பொருட்படுத்த வேண்டியது அதன் மதிப்பையே. விலையுயர்ந்த பழைய கெப்பாசிட்டர் தேடி அலைய வேண்டியதில்லை. குழியின் உட்புறம் முழுவதும் செப்புத்தாள் ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால், வெளியிலிருந்து ஒயர்களில் தொற்றும் இரைச்சல் பெரிதும் குறையும்.

அதன் பிறகே பிக்கப். வாங்குமுன் கம்பிகளுக்கு இடையிலான தூரம், குழியின் அளவு, பொருத்தும் திருகாணிகளின் இடம் ஆகியவற்றை அளந்துகொள்ள வேண்டும். ஆசியத் தொழிற்சாலைக் கிட்டார்களில் கட்டுப்பாடுகளுக்கான துளைகள் சிறியவை. அமெரிக்க அளவுக் கட்டுப்பாடு நுழைய அவற்றைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். கழற்றுமுன் பழைய வயரிங்கைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும், பழைய பிக்கப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதும் நல்ல பழக்கங்கள்.

இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும்போது குரல் மெலிந்து உள்ளீடற்றுக் கேட்டால், ஒன்றின் மின்திசை எதிராக உள்ளது என்று பொருள். பெரும்பாலும் அதன் இரு ஒயர்களையும் மாற்றி இணைத்தால் சரியாகிவிடும். உலோக உறையோ அடித்தகடோ ஒயரோடு இணைந்திருந்தால் மட்டும் அதை முதலில் பிரித்துத் தனியே எர்த் செய்ய வேண்டும். பிக்கப் ஒலிக்கவே இல்லையென்றால் மல்ட்டிமீட்டரால் அதன் மின்தடையைப் பார்க்கலாம். ஒற்றைச் சுருளுக்கு ஏறத்தாழ 6 கிலோ ஓமும், பழைய பாணி ஹம்பக்கருக்கு 7 முதல் 9 கிலோ ஓமும் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அறுந்த இடம் வெளிச்சுற்றின் சால்டர் முனையாக இருந்தால், முழுவதும் சுற்றாமலே காப்பாற்றிவிடலாம்.

எர்த் இணைப்பு: உயிர் சார்ந்த செய்தி

மின்கிட்டாரின் கம்பிகள் பாலத்தின் வழியாக எர்த் ஒயரோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபையரில் எர்த் இல்லாவிட்டால் அதே இணைப்பு ஆபத்தாகும். ஒரு கை கம்பியிலும், மறுகையோ உதடோ மைக்கிலும் இருக்கும்போது, இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் மின்சாரம் உடலின் வழியே பாயும். 1972 மே 3இல் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27.

திருவிழா மேடைகளில் ஜெனரேட்டரிலிருந்தோ அருகிலுள்ள கட்டிடத்திலிருந்தோ மின்சாரம் எடுக்கும்போது இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. ஆம்ப்ளிஃபையரின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டக் கூடாது. இரண்டு முள் அடாப்டர் போட்டு வாசிக்கக் கூடாது. கிட்டாரின் ஆம்ப்ளிஃபையருக்கும் மைக் செட்டுக்கும் எர்த் ஒன்றாக இருக்கிறதா என்று கச்சேரிக்கு முன் மின்பணியாளரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். எர்த் இல்லாத மேடையில் பாட்டு தாமதமாவது தவறல்ல. கிட்டாருக்குள் நடக்கும் வேலையில் வீட்டு மின்சாரம் இல்லை என்பதால் அது பாதுகாப்பானது. ஆம்ப்ளிஃபையரைத் திறப்பதோ வேறு கதை. அணைத்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம் என்பதால், அதைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.

சமவெளியின் கைத்தொழிலும் கருவியும்

1997 ஜனவரி 1இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல் லாரி பாடி கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. இவற்றைச் சுற்றி வளர்ந்த ஆட்டோ எலக்ட்ரீசியன், காயில் கட்டுபவர், லேத் பட்டறைக்காரர் ஆகியோரின் கைத்திறன் கிட்டார் வேலைக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. சுத்தமாகச் சால்டர் வைப்பது, மல்ட்டிமீட்டரில் தொடர்ச்சி பார்ப்பது, தகட்டை அளந்து வெட்டுவது எல்லாம் அவர்களின் அன்றாட வேலை. பிக்கப் சுற்றுவதற்கு மட்டும் தனிப் பழக்கம் வேண்டும். தலைமுடி அளவுக் கம்பியை அறுக்காமல் இழுக்கும் கையும், சுற்றுகளை எண்ணும் கருவியும் இருந்தால் மோட்டார் காயில் கட்டியவருக்கு அது எட்டாத வேலையன்று. லியோ ஃபெண்டர் தொடங்கிய இடமும் இப்படியொரு பழுதுபார்ப்புக் கடைதான்.

மதிப்பீடு

மின்கிட்டாரின் வரலாற்றில் பெரிய பெயர்கள் பலவும் இல்லாமையிலிருந்து தொடங்கியவை. பிரையன் மேக்கு வாங்கப் பணமில்லை; வான் ஹேலனுக்குக் கிடைத்தது ஒதுக்கப்பட்ட உடல்; ஸ்ரீனிவாஸுக்கு வாய்த்தது அவர் வாசிக்க விரும்பிய இசைக்கென்று செய்யப்படாத கருவி. மூவரும் கருவியைப் பழிக்கவில்லை. அதன் எந்தப் பகுதி தங்களைத் தடுக்கிறது என்று கண்டறிந்து அதை மட்டும் மாற்றினர்.

விலை குறைந்த கிட்டாரைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்கும் அதே கேள்விதான் தொடக்கம். இரைச்சல்தான் குறையா, சுருதியா, மங்கிய ஒலியா என்று முதலில் காதால் பிரித்தறிய வேண்டும். அதைக் கண்டபின் பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு திருப்புளி, ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் செப்புத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.